வரப்பில் நிற்கும் சட்டம்

நஞ்சில்லா உணவு விளைவிப்போர் தெரிஞ்சிருக்க வேண்டிய ஐந்து சட்டங்கள்

"சட்டமெல்லாம் வக்கீலுக்கும் அதிகாரிக்கும். ஏர் பிடிக்கிறவனுக்கு எதுக்கு?" இந்தப் பேச்சு நம் கூட்டங்களில் அடிக்கடி வரும். ஆனால் அதே கூட்டத்திலேயே மூணு கேள்வியும் தவறாமல் வரும். கடையில் வாங்கின விதை முளைக்கல, யாரைக் கேட்கிறது? நான் உரமும் போடல, நஞ்சும் அடிக்கல, என் அரிசியை 'இயற்கை அரிசி'ன்னு சொல்லி விற்க ஏன் சான்று கேட்கிறாங்க? பட்டணத்துக் கடையில் எவனோ சாதா அரிசியைப் பையில் போட்டு 'ஆர்கானிக்'னு இரட்டை விலைக்கு விற்கிறானே, அவனை யார் கேட்பா?

மூணுக்கும் பதில் சட்டத்தில் இருக்கு. முழுசா இல்லை, ஆனால் நிறையவே இருக்கு. மக்களின் உடல்நலம், உயிர்ப் பாதுகாப்பு, நுகர்வோர் நலன் இவற்றுக்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களில் உழவரை நேராகத் தொடுகிற ஐந்தை இந்தப் பாடத்தில் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போவோம்: இந்தச் சட்டம் நம் வயலில் எதுவரைக்கும் வருது?

1. நூறு உயிர் போன பிறகு வந்த சட்டம்

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் சாப்பிட்ட சாப்பாடே நஞ்சாகி மக்கள் மடிந்தார்கள். இறந்தவர்கள் நூறு பேருக்கு மேல். காரணம் என்ன? 'ஃபாலிடால்' என்ற பெயரில் விற்கப்பட்ட பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி நஞ்சு. உணவுப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலிலேயே அதையும் சேர்த்து ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அது கசிந்து உணவு மூட்டைகளில் இறங்கியது. மூட்டையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாவைப் பிசைந்து சாப்பிட்டவர்கள் சுருண்டு விழுந்தார்கள்.

இதை விசாரிக்க நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். நஞ்சைத் தயாரிப்பது, விற்பது, ஏற்றிச் செல்வது, வைத்திருப்பது எல்லாவற்றுக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. பத்து ஆண்டு கழித்து, 1968இல், பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 1971இல் வந்தன. இன்றைக்கும் நம் ஊர் மருந்துக் கடையை ஆள்வது இந்தச் சட்டம்தான். 'மருந்துக் கடை'ன்னு நாம் சொல்றோம். சட்டம் ஒரு இடத்திலும் அதை மருந்துன்னு சொல்லல. கொல்லின்னுதான் சொல்லுது.

இந்தச் சட்டம் தருகிற முதல் பாடம் டப்பாவின் மேலேயே இருக்கு. முனையில் நிற்கிற சதுரம் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழ்ப்பாதி முக்கோணம் நான்கு நிறத்தில் ஒன்றாக இருக்கும்.

சிவப்பு: மிகக் கடுமையான நஞ்சு. மேல்பாதியில் மண்டை ஓடும் எலும்பும் இருக்கும். ஆய்வில் உடல் எடை கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வாய்வழி போனாலே பாதி விலங்குகள் செத்துப்போகும் என்று பொருள்.

மஞ்சள்: கடுமையான நஞ்சு. கணக்கு 51 முதல் 500 மில்லிகிராம்.

நீலம்: நடுத்தர நஞ்சு. 501 முதல் 5000 மில்லிகிராம்.

பச்சை: 5000க்கு மேல். குறைந்த நஞ்சு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த நிறம் சொல்வது ஒரே வேளையில் உள்ளே போனால் உயிர் போகுமா என்பதை மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து வருஷம் சோற்றோடு போனால் என்ன ஆகும், கருவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும், மண்புழுவுக்கும் தேனீக்கும் என்ன ஆகும் என்பதை நிறம் சொல்லாது. 'பச்சை முக்கோணம்தானே, ஒண்ணும் செய்யாது' என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் எண்டோசல்பானை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அன்றைக்கே யாரும் விழவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் தெளித்தபின் பிள்ளைகளின் உடம்பில் அது தெரிந்தது. உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அதற்குத் தடை போட்டது 2011 மே 13 அன்று. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்தில் கொடு என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது 2017 ஜனவரியில்.

இரண்டாவது பாடம் காலி டப்பா. அதை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும், மறுபடி பயன்படுத்த விடக்கூடாது என்பது 1971 விதி. பிகாரில் 2013 ஜூலையில் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். அந்த நஞ்சைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று 2005லேயே ஆணை வந்திருந்தது. ஆணை காகிதத்தில் இருந்தது, டப்பா வீட்டில் இருந்தது.

மூன்றாவது, பிரிவு 27. ஒரு நஞ்சால் மக்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் மாநில அரசு அதன் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தலாம். தமிழ்நாடு அரசு தற்கொலைகளைத் தடுக்க 2022 இறுதியில் மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு வகைகளுக்கு 60 நாள் தடை போட்டது இந்த வழியில்தான். பஞ்சாப் அரசு அதே 2022இல் பாஸ்மதி நெல்லுக்காகப் பத்து நஞ்சுகளை 60 நாள் நிறுத்தியது. எஞ்சிய நஞ்சால் ஏற்றுமதி அடிவாங்கும் என்ற பயம் அதற்குக் காரணம். ஆனால் மாநிலத்துக்குள்ள அதிகாரம் இந்த நாள் கணக்கோடு முடிந்தது. நிரந்தரமாகத் தடை செய்வதும் பதிவை ரத்து செய்வதும் ஒன்றிய அரசின் கையில். வெளிநாட்டு வியாபாரிக்காகவும் பிரிவு 27ஐ எடுக்கலாம் என்றால், உள்ளூரில் சாப்பிடுகிறவர்களுக்காகவும் எடுக்கலாமே என்று கேட்க நமக்கு உரிமை இருக்கு.

2. பிரிவு 38: சட்டம் நிற்கிற வரப்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கம்பெனிக்குப் பதிவு வேண்டும், கடைக்கு உரிமம் வேண்டும், ஆய்வாளர் வந்து சாம்பிள் எடுக்கலாம். எல்லாம் சரி. டப்பா வயலுக்கு வந்த பிறகு?

பிரிவு 38 சொல்கிறது: ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தான் பயிர் செய்யும் நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது சட்டம் தொழிற்சாலையில் தொடங்கி, லாரியில் ஏறி, கடையில் இறங்கி, நம் வரப்புக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. என்ன அடித்தோம், எவ்வளவு அடித்தோம், அடித்து எத்தனை நாளில் அறுத்தோம் என்று எழுதி வைக்கக்கூட யாரும் கேட்பதில்லை. டப்பாவோடு வரும் துண்டுக் காகிதத்தில் காத்திருப்பு நாள் போட்டிருக்கும். இன்றைக்குக் கத்தரிக்காய்க்கு அடித்து நாளைக்குச் சந்தைக்கு அனுப்பினால், வரப்பில் நின்று தடுக்க ஆள் இல்லை.

மகாராட்டிரத்தின் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு நஞ்சு தெளித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். கையுறை இல்லை, முகமூடி இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. வரப்பைத் தாண்டி உள்ளே வராத சட்டத்தால் அந்தக் கூலித் தொழிலாளர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அப்படின்னா பிரிவு 38ஐ எடுத்துவிடச் சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம். அதே பிரிவுதான் நமக்கும் காவல். வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் இந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருள். நாம் கொட்டையை இடித்து ஊறவைத்து நம் வயலுக்குத் தெளிப்பதை இந்தப் பிரிவு காப்பாற்றுகிறது. அதையே பாட்டிலில் அடைத்து, 'பூச்சிக்கொல்லி' என்று பேர் போட்டு, கடையில் விற்கப் போனால் பதிவும் உரிமமும் கேட்பார்கள். சொந்த வயலுக்குத் தயாரித்துக்கொள்வது ஒன்று, சரக்காக விற்பது வேறொன்று. மூலிகைப் பூச்சிவிரட்டி விற்பதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்கணும். செய்முறையைச் சொல்லிக் கொடுப்பதற்கும், சேர்ந்து தயாரித்து அவரவர் வயலுக்குத் தெளிப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை.

நாம் கேட்க வேண்டியது வேற: ரசாயன நஞ்சை வாங்கித் தெளிக்கிற எல்லோருக்கும் தெளிப்பு ஏடு கட்டாயம் வேண்டும். என்றைக்கு, எந்த நஞ்சு, எவ்வளவு என்று மூணு கட்டம் போதும்.

3. உணவுச் சட்டம்: களத்துமேடு வரைக்கும் விலக்கு

பழைய கலப்படத் தடைச் சட்டம் 1954ஆம் ஆண்டினது. அதையும் வேறு பல ஆணைகளையும் ஒன்றாக்கி 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது. விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளன. எஃப்எஸ்எஸ்ஏஐ என்று பாக்கெட்டில் பார்க்கிறோமே, அந்த ஆணையம் இந்தச் சட்டத்தில் பிறந்தது.

இதிலும் வரப்பு உண்டு. பிரிவு 18இன் மூன்றாம் உட்பிரிவு: உழவருக்கும் மீனவருக்கும், உழவு வேலைக்கும், பயிருக்கும் கால்நடைக்கும், பண்ணை அளவில் உழவர் விளைவித்த பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. நெல் உங்கள் களத்துமேட்டில் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அது 'உணவு' இல்லை. வியாபாரி கைக்குப் போனதும் அது உணவு.

இதை நடைமுறைக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

விளைந்த கீரை, காய், பழம், நெல், தேங்காயை அப்படியே நீங்கள் விற்றால் பதிவு வேண்டாம்.

நெல்லை அரைத்து அரிசியாக்கி, பையில் போட்டுப் பேர் ஒட்டி விற்றால், அவலோ மாவோ ஊறுகாயோ போட்டால், கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெய் விற்றால், அது உணவுத் தொழில். பதிவு வேண்டும். சிறு உற்பத்தியாளர் என்று இந்த விதிகள் வகுத்தது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை. இவர்களுக்குப் பதிவு மட்டும் போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று 2011இல் அவை வைத்தன. அதற்கு மேல் போனால் உரிமம் என்று வைத்தன. பதிவு முடிந்ததும் 14 இலக்க எண் தருவார்கள். அதைப் பையில் அச்சிட வேண்டும்.

அடுத்தவர் விளைச்சலை வாங்கி விற்றால், நீங்கள் உழவராகவே இருந்தாலும், அந்தப் பங்குக்கு நீங்கள் வியாபாரி.

மரச்செக்கு எண்ணெய் விற்பவர்கள் இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். சமையல் எண்ணெயை அடைக்காமல், லேபிள் இல்லாமல் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பதை 2011 விற்பனை விதிமுறைகள் தடை செய்கின்றன. மாம்பழம் விற்பவர்களுக்கு: கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்கு அடியோடு தடை. வைக்கோலில் வைத்துப் பழுக்கவிடும் நம் பழைய வழிக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

பிரிவு 21தான் நம் வேலைக்கு நேரானது. உணவில் எஞ்சியிருக்கும் பூச்சிக்கொல்லி, வரையறுத்த அளவைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு நஞ்சுக்கும், ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி அளவு உண்டு. அளவு வகுக்கப்படாத இடத்தில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மூட்டை அரிசியை நினைத்துப் பாருங்கள். நூறு கிலோவில் ஒரே ஒரு மில்லிகிராம். ஆய்வுக்கூடம் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும். அதனால் நஞ்சே அடிக்காத நம் வயலின் விளைச்சலும் தவறிப்போக வாய்ப்புண்டு. எப்படி?

பக்கத்து வயலில் அடிப்பது காற்றில் வரும். வரப்போரம் அகத்தி, சவுண்டல், உயரமான சோளம் எதையாவது அடர்த்தியாக வையுங்கள். ஓர வரிசை விளைச்சலைத் தனியாக அறுத்து வையுங்கள்.

பஞ்சகவ்யா தெளிக்க அடுத்தவர் கைத்தெளிப்பானை இரவல் வாங்காதீர்கள். அதன் குழாயில் போன வாரத்து நஞ்சு இருக்கும்.

யூரியா சாக்கிலும், எதை வைத்திருந்தது என்று தெரியாத பழைய சாக்கிலும் நெல்லைப் பிடிக்காதீர்கள்.

அறுவடை இயந்திரமும் அரிசி ஆலையும் முதலில் யாருடைய நெல்லை ஓட்டின என்று கேளுங்கள். முதல் சில கிலோவைத் தனியே ஒதுக்குங்கள்.

1958இல் நடந்ததும் இதுதானே. மாவு நல்ல மாவு, அதை வைத்த இடம் சரியில்லை.

சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தச் சட்டம் ஆயுதம் தருகிறது. பிரிவு 40படி எந்த நுகர்வோரும் வாங்கிய உணவைக் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் ஆய்வுக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே 'ஆய்வுக்காக வாங்குகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நம் பகுதிக்குச் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் உள்ள ஆய்வுக்கூடம் பக்கம். உணவால் உயிர் போனால் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் இழப்பீடு என்பது பிரிவு 65. பொய்யான லேபிளுக்கு 3 லட்சம் வரையும், மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

4. 'இயற்கை' என்று எழுதினால்

சாதா அரிசியை 'ஆர்கானிக்' என்று விற்பவனைக் கேட்க ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2017இல் இயற்கை உணவுக்கான தனி விதிமுறைகள் வந்தன. 2018 ஜூலை 1 முதல் அவை கட்டாயம். 'ஆர்கானிக்', 'உயிர்ம விளைபொருள்' என்று பாக்கெட்டில் எழுதி விற்க இரண்டு சான்றில் ஒன்று வேண்டும்.

ஒன்று, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். ஏற்றுமதிக்கும் இதுவே வழி. வெளியார் நிறுவனம் வந்து பார்த்துச் சான்று தரும். தமிழ்நாட்டில் அரசின் விதைச்சான்று மற்றும் உயிர்மச்சான்றுத் துறையே இதைச் செய்கிறது. தனியாரை விடச் செலவு குறைவு.

இரண்டு, பிஜிஎஸ் என்கிற பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து உழவர்கள் பக்கத்துப் பக்கத்தில் குழுவாகச் சேர வேண்டும். உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்து எழுத வேண்டும். மாறுகிற காலத்தில் 'பச்சை' நிலை, முழுதும் மாறிய பின் 'ஆர்கானிக்' நிலை. உள்நாட்டு விற்பனைக்கு இது போதும்.

இரண்டில் எது இருந்தாலும் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போடலாம்.

மூணாவதாக ஒரு வாசலும் திறந்திருக்கு, பலருக்கு அது தெரியாது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளரோ உற்பத்தியாளர் அமைப்போ, இடையில் ஆள் இல்லாமல் நேராகச் சாப்பிடுகிறவருக்கே விற்றால் இந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அந்த முத்திரையை மட்டும் போடக்கூடாது. ராஜகுளத்தில் விளைந்த பூங்கார் அரிசியைக் காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்றுக்கு நேராகக் கொடுக்கிறீர்களா? சான்றுக் காகிதம் வேண்டாம். அதே அரிசியைக் கடைக்குக் கொடுத்து, கடைக்காரர் 'ஆர்கானிக்' என்று விற்றால் சான்று வேண்டும்.

இதில் நம் மனசுக்குள் ஒரு ஆத்திரம் இருக்கு. நஞ்சு அடித்தவனுக்கு எந்தக் காகிதமும் வேண்டாம், அடிக்காதவன்தான் நிரூபிக்கணுமா? நியாயமான கோபம். 'இதில் இன்னின்ன நஞ்சு அடிக்கப்பட்டது' என்று எழுதச் சொல்லும் சட்டம் வந்திருந்தால் நமக்குச் சான்றே தேவைப்பட்டிருக்காது. ஆனால் வாங்குகிறவர் பக்கம் நின்றும் பார்க்கணும். அவருக்கு நம் வயல் தெரியாது. இரண்டு அரிசியும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருக்கு. போலியை அவரால் பிரிக்க முடியாது. போலி பெருகினால் முதலில் சாகிறது நம் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு. நஞ்சு அடித்தவரைக் கணக்கு எழுதச் சொல்லும் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். அதுவரைக்கும் பிஜிஎஸ் குழுவை நாமே ஒழுங்காக நடத்துவது போலியை விரட்டும் வேலை.

இது நமக்குப் புதிதும் இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது, இன்றும் நிற்கிறது. 30 குடும்புகளிலிருந்து குடவோலையில் ஆள் எடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பிரித்து வேலை கொடுத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. ஊரே ஊரைக் கண்காணிக்கிற முறை அது. பிஜிஎஸ் குழுவில் வயல் பார்க்கப் போகிறவர், 'சொந்தக்காரர் வயல்தானே' என்று வரப்பிலேயே டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், அந்தக் கல்வெட்டின் ஊரில் இருக்க நாம் கூசணும்.

5. தராசும் பையும்

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. எடைக்கல், சாதா தராசுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. நாம் விற்கும் தராசுக்கும் இது பொருந்தும், நம்மிடம் வாங்குகிற வியாபாரியின் தராசுக்கும் பொருந்தும். மூட்டை ஏற்றுவதற்கு முன் முத்திரையைப் பாருங்கள். 'எடை குறையுது' என்று சண்டை போடுவதைவிட முத்திரை ஆண்டைப் படிப்பது எளிது.

விற்பனையில் படி, மரக்கால் செல்லாது. கிலோ, லிட்டர்தான். வீட்டில் அளக்கலாம், விலை சொல்லி விற்கும்போது கிலோவில் சொல்லுங்கள்.

அடைத்த பையில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், அடைத்தவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, மாதம் ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்குத் தொலைபேசி எண். உணவு என்பதால் இவற்றோடு பதிவு எண்ணும், எதுவரை நன்றாக இருக்கும் என்ற நாளும், சைவப் பொருளுக்குப் பச்சைப் புள்ளியும் சேரும். நம் ஆட்கள் பையில் நெல்லின் பெருமையையும் சித்த மருத்துவ குணத்தையும் பக்கம் பக்கமாக அச்சிடுவார்கள். மாதமும் விலையும் விட்டுப்போகும். 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று எழுதுவது அதைவிட மோசம். அது ஏமாற்று விளம்பரக் கணக்கில் சேரும். கருப்புக் கவுனி நல்ல அரிசி. அதை மருந்து என்று எழுதித்தான் விற்கணும் என்பதில்லை.

6. உழவரும் நுகர்வோரே

இதுவரை நாம் விற்பவர் இடத்தில் நின்றோம். இனி வாங்குபவர் இடம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அதற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது.

இதில் உழவருக்குப் பெரிய வெற்றி ஒன்று உண்டு. ஆந்திராவில் உழவர்கள் தேசிய விதைக் கழகத்தில் விதை வாங்கி விதைத்தார்கள். விளைச்சல் போச்சு. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். விதைக் கழகம் சொன்ன வாதம் மூணு: உழவர் லாபத்துக்காக விதை வாங்குகிறார், அதனால் அவர் நுகர்வோர் அல்ல, விதைச் சட்டம் தனியாக இருக்கிறது, அங்கே போகட்டும், விதை கெட்டது என்றால் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி நிரூபிக்கட்டும்.

உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரி 16 அன்று மூன்றையும் தள்ளியது. வழக்கின் பெயர் தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி. பிழைப்புக்காக விதை வாங்கி விதைக்கிற உழவர் நுகர்வோர்தான். விதைச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் சட்டத்தின் கதவு மூடாது. வாங்கிய விதை முழுவதையும் விதைப்பதுதான் உழவரின் இயல்பு, பின்னால் வழக்குப் போட வேண்டிவரும் என்று எண்ணி யாரும் ஒரு பங்கை எடுத்து வைப்பதில்லை என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. நம் வீட்டு நியாயம் தீர்ப்பாக வந்த இடம் இது.

விதைக்கு மட்டும் இல்லை. சொட்டுநீர்க் குழாய், மோட்டார், உயிர் உரம், தெளிப்பான் எதற்கும் இந்த வழி உண்டு. குறை தெரிந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். முதல் ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

ஆனால் காகிதம் வேணும். பில் இல்லாமல் விதை வாங்காதீர்கள். பில்லில் ரகம், லாட் நம்பர், கடையின் முத்திரை இருக்கணும். பையையும் அட்டையையும் அறுவடை வரை வைத்திருங்கள். முடிந்தால் ஒரு பிடி விதையையும் ஒதுக்குங்கள், தீர்ப்பு இருக்கே என்று விட்டுவிட வேண்டாம். முளைப்பு சரியில்லை என்றால் அன்றைக்கே படம் எடுத்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் கொடுத்து, வயலை வந்து பார்த்து அறிக்கை தரச் சொல்லுங்கள். பயிரை மடக்கி உழுதபின் சாட்சி இல்லை.

சொந்த விதை வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது என்பதையும் சொல்லணும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் பிரிவு 39, விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைக் கம்பெனிப் பேர் போட்டுப் பையில் அடைத்து விற்கக்கூடாது, அவ்வளவுதான். விதைத் திருவிழாவில் சீரகச்சம்பாவையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் கைமாற்றுகிறோமே, அந்த உரிமை எழுத்தில் இருக்கிறது.

7. குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

படித்து மடித்து வைத்தால் இந்தப் பாடம் வீண். அடுத்த கூட்டத்தில் இவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று: ஊரில் கிடைக்கும் நஞ்சு டப்பாக்களின் முக்கோண நிறத்தையும், எந்தப் பயிருக்கு அனுமதி என்பதையும், காத்திருப்பு நாளையும் துண்டுக் காகிதத்தில் படித்துப் பலகையில் எழுதுங்கள். டப்பாவைக் கையுறையோடு தொடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அடிக்கிற பக்கத்து வயல்காரரையும் கூப்பிடுங்கள். அவரைத் திட்டக் கூப்பிடவில்லை, படிக்கக் கூப்பிடுகிறோம்.

இரண்டு: உறுப்பினர் ஒவ்வொருவரும் என்ன விற்கிறார், எப்படி விற்கிறார் என்று பட்டியல் போடுங்கள். யாருக்குப் பதிவு வேண்டாம், யாருக்கு வேண்டும், யாருக்குச் சான்று வேண்டும் என்று பிரியுங்கள்.

மூன்று: விற்பனைப் பைகளை நடுவில் வைத்து, விட்டுப்போனவற்றைக் குறியுங்கள்.

நான்கு: ஐந்து பேர் சேர்ந்து பிஜிஎஸ் குழு தொடங்க முடியுமா என்று பேசுங்கள். அடுத்தவர் வயலில் குறை கண்டால் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு இருக்கிறதா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ஐந்து: கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் சமைக்கும் காய்கறியில் நஞ்சு எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்து, முடிவை ஊர் அறிய வைக்க வேண்டும்.

பூச்சிக்கொல்லிச் சட்டம் பிரிவு 38இல் நிற்கிறது, உணவுச் சட்டம் பிரிவு 18இல் நிற்கிறது. இரண்டும் நம் வரப்புக்கு வெளியே நின்று, 'உள்ளே நடப்பது உன் பொறுப்பு' என்கின்றன. அந்த விலக்கைச் சிலர் கேட்பாரற்ற இடமாக எடுத்துக்கொண்டார்கள். நாம் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொள்வோம். வரப்புக்கு உள்ளே என்ன செய்தோம் என்று கேட்கிற யாருக்கும் எடுத்துக் காட்டுகிற மாதிரி ஒரு ஏடு நம் வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும். இந்தப் போகத்திலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.